நீல மாத்திரையும் சுகாதார மேம்பாட்டுப் பாடமும்

பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன் என்று சொன்னால், எங்கள் மன்னார்குடிப் பக்கத்து உறவினர்கள் அடுத்துக் கேட்பது, "அப்படியானால் ஊசி போடுவாயா?" என்பதுதான். ஊசி போடுவதில்லை; ஊசி தேவைப்படும் நிலைக்கு ஓர் ஊர் ஏன் வருகிறது என்று படிக்கிறோம். அதிலும் நான் எடுத்திருக்கும் சிறப்புத்தாள், சமூகத்தினருக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான சுகாதார மேம்பாடு.

இத்துறையின் அடிப்படை ஆவணம், 1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த உலக மாநாடு வெளியிட்ட சாசனம். அது வகுத்த ஐந்து பணிகளில் தனிமனிதரின் அறிவையும் திறனையும் வளர்ப்பது ஒன்றே ஒன்று. மற்ற நான்கும் அரசின் கொள்கை, வாழும் சூழல், மக்களின் கூட்டுச் செயல்பாடு, மருத்துவச் சேவையின் திசைமாற்றம் ஆகியவற்றைப் பற்றியவை. ஆனால் களப்பணிக்கு அனுப்பப்படும் மாணவர்களாகிய நாங்கள் பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான் செய்கிறோம்: பதாகை கட்டுகிறோம், பேரணி நடத்துகிறோம், எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று அறிக்கையில் எழுதுகிறோம். மதிப்பெண்ணும் அதற்கே கிடைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஒதுக்கப்பட்ட பொருள் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. இதற்காகத்தான் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு நீல நிற மாத்திரை தரப்படுகிறது. 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டது அது. கூடவே, குடற்புழு நீக்கத்துக்கு ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல்.

நான் சென்ற மேல்நிலைப் பள்ளியில் மாத்திரை தாராளமாக இருந்தது, அதன் பயனைக் கேட்டால் மாணவிகள் ஒப்பிக்கவும் செய்தார்கள், ஆனால் பலர் அதை விழுங்குவதில்லை. விழுங்கினால் வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்றார்கள். இரண்டும் உண்மை. உடல் ஏற்றுக்கொள்ளாத இரும்பு வெளியேறும்போது மலம் கறுப்பது இயல்பு, ஆபத்தில்லை; இதை இரண்டே நிமிடத்தில் விளக்கிவிடலாம். வயிற்றைப் புரட்டுவதற்கு விளக்கம் போதாது, ஏனென்றால் அது வெறும் வயிற்றில் விழும் மாத்திரையின் வேலை.

ஏன் வெறும் வயிறு என்று கேட்டுக்கொண்டே போனதில் பதில் வயலில் இருந்தது. சம்பா நடவு நடக்கும் வாரங்களில் அம்மாக்கள் விடியுமுன் நாற்றுப் பறிக்கப் போய்விடுகிறார்கள். வீட்டில் மூத்த பெண் தம்பி தங்கையரைக் கிளப்பிவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு பேருந்தைப் பிடிக்கிறாள். உணவோடு குடிக்கும் டீ, இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில்தான் மாநிலம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது என்றாலும், அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. ஆக, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி வீட்டிலிருந்து சோறு கொண்டு வராத நாளில், சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டிய மாத்திரையை எதற்குப் பின் போடுவாள்?

இந்த இடத்தில்தான் பாடப்புத்தகத்தின் 'ஆதரவான சூழல்' என்ற சொற்றொடர் எனக்கு உயிர்பெற்றது. அந்த மாணவிக்குக் குறைவது அறிவு அன்று, காலையில் ஒரு வேளைச் சோறு. முருங்கைக்கீரையின் பெருமையை நான் படம் வரைந்து காட்டியிருந்தால் அவள் பொறுமையாகக் கேட்டிருப்பாள். அவள் வீட்டுக் கொல்லையிலேயே முருங்கை நிற்கிறது, அதை ஆய்ந்து சமைக்கத்தான் காலையில் ஆளில்லை.

எனவே என் அறிக்கையில் கூட்டங்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக மூன்று கோரிக்கைகளை எழுதினேன். மேல்நிலை வகுப்புகளுக்கு மாத்திரை தரும் நாளிலாவது சுண்டலோ முட்டையோ கிடைக்க ஊராட்சியும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஏற்பாடு செய்ய வேண்டும். மலம் கறுப்பதைப் பற்றி முதல் மாத்திரைக்கு முன்பே கிராம சுகாதார செவிலியர் சொல்லிவிட வேண்டும். நடவுக் காலத்தில் மாணவிகள் காலையில் என்ன சாப்பிட்டு வருகிறார்கள் என்பதை வகுப்பாசிரியர் வாரம் ஒருமுறை குறித்துவைக்க வேண்டும். மூன்றாவது கோரிக்கை ஆசிரியர்களின் பதிவேட்டுச் சுமையைக் கூட்டும் என்று தலைமையாசிரியர் ஆட்சேபித்தார், அது நியாயமே. அந்தப் பதிவை மாணவிகளே எழுதும்படி மாற்றி, தை அறுவடை முடிவதற்குள் மறுபடி அவரிடம் கொடுக்கவிருக்கிறேன்.