படிவத்தில் வராத வரிகள்

ஆர்டர் படிவம் ஒன்றைத் திறப்பவருக்கு அது ஒரே தாள். மேலே சப்ளையர் பெயர், தேதி. கீழே பொருள், அளவு, விலை என்று வரிகள். கடைசியில் ‘சேமி’ பொத்தான். டேட்டாபேஸில் அது குறைந்தது இரண்டு டேபிள்: ஆர்டருக்கு ஒன்று, வரிகளுக்கு ஒன்று. ஒவ்வொரு வரியும் எந்த ஆர்டரைச் சேர்ந்தது என்பதை ஒரு ஃபாரின் கீ சொல்லும். இப்படிப்பட்ட படிவங்களோடுதான் என் வேலையின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. புதிதாகச் சேர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஏற்கெனவே இருப்பதைத் திருத்திச் சேமிக்கும்போதுதான் சிக்கல். அதிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, சர்வருக்கு வந்து சேராத தகவலை எப்படி எடுத்துக்கொள்வது என்பது.

ஐந்து வரி இருந்த ஆர்டர், திருத்தியபின் நான்கு வரியோடு வருகிறது. ஐந்தாவதைப் பயனர் நீக்கினாரா, இல்லை வேறு காரணத்தால் வரவில்லையா? பலர் இதைக் கேட்பதே இல்லை. பழைய வரிகளை மொத்தமாக அழித்துவிட்டு, வந்தவற்றைப் புதிதாகச் சேர்த்துவிடுவார்கள். கோட் சின்னதாக முடிந்துவிடும்.

நான் பராமரிக்க எடுத்துக்கொண்ட ஒரு அப்ளிகேஷன் அப்படித்தான் இருந்தது. சரக்கு வந்ததைப் பதியும் ரெக்கார்டுகள் ஆர்டர் வரியின் ஐடியை நம்பியிருந்தன. அந்த ஃபாரின் கீயில் ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ வைத்திருந்தார்கள்; வரி அழிந்தால் அதை நம்பியிருக்கும் ரெக்கார்டும் தானாக அழியும். குறிப்புப் பகுதியில் யாரோ ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தால் போதும், எல்லா வரிகளும் அழிந்து புது ஐடியோடு திரும்ப வரும். அவற்றோடு இணைந்திருந்த சரக்கு வரவுப் பதிவுகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போய்விடும். கிடங்கில் இருப்பவர்கள் “நேற்று பதிந்தோமே, எங்கே போனது?” என்று கேட்டார்கள். அவர்கள் பதியவே இல்லை என்றுதான் அலுவலகம் நினைத்தது. ஒழுங்காக வேலை செய்தவர்கள் மேல் விழுந்த அந்தச் சந்தேகம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

முதலில் கேஸ்கேடை ‘ரெஸ்ட்ரிக்ட்’ ஆக மாற்றினோம். வேறு ரெக்கார்டு நம்பியிருக்கும் வரியை அழிக்க முயன்றால் டேட்டாபேஸே தடுத்துவிடும். அப்புறம் ஒவ்வொரு வரியோடும் அதன் ஐடியை மறைவான புலமாக, அதாவது பயனர் கண்ணில் படாத படிவக் கட்டமாக, அனுப்பினோம். ஐடி இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர், அழிக்கச் சொல்லும் குறி வந்தால் மட்டும் அழி. இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்கான ரெயில்ஸின், 2009இல் வெளிவந்த 2.3 பதிப்பிலேயே இதற்கு வசதி உண்டு. ஜாங்கோ என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்கில், பல வரிகளை ஒரே படிவத்தில் கையாளும் ஃபார்ம்செட்டும் அழிப்பதற்கென்று தனி செக்பாக்ஸ் தருகிறது.

பிரௌசரின் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். டிக் செய்யாத செக்பாக்ஸ் சர்வருக்கு எதையும் அனுப்பாது. பலவற்றைத் தேர்வு செய்யும் பட்டியலில் எதையும் தேர்வு செய்யாவிட்டாலும் அப்படியே. ‘எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்’ என்பதும் ‘இந்தப் புலமே இந்தப் பக்கத்தில் இல்லை’ என்பதும் சர்வருக்கு ஒன்றாகவே தெரியும். லாராவெல் என்ற ஃப்ரேம்வொர்க்கில் இணைப்புகளைப் புதுப்பிக்கும் ‘சிங்க்’ கட்டளை, தரப்பட்ட பட்டியலில் இல்லாத இணைப்புகளைத் துண்டித்துவிடும். புலமே இல்லாத பக்கத்திலிருந்து வந்ததை வெற்றுப் பட்டியலாக அதற்குக் கொடுத்தால், ஒரு இணைப்பும் மிஞ்சாது. செக்பாக்ஸுக்கு முன்னால் மறைவாக ஒரு 0 வைத்து ரெயில்ஸ் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது.

நீளமான படிவங்களில் இன்னொரு ஆபத்து. பிஎச்பி மொழியில் எழுதிய சர்வரில், பிரௌசர் அனுப்பும் ஒரு கோரிக்கையில் ஏற்கப்படும் புலங்களுக்கு வரம்பு உண்டு, இயல்பாக 1000. வரிக்கு 8 புலம் என்றால் 125 வரியிலேயே அது நிறைந்துவிடும். மிச்சத்தை வெட்டிவிட்டு ஒரு எச்சரிக்கையோடு வேலை தொடரும். வராததை அழிக்கும் கோட் அங்கே இருந்தால், ஆர்டரின் வால்பகுதி காணாமல் போகும். ஜாங்கோவிலும் இயல்பான வரம்பு அதேதான், ஆனால் மீறினால் கோரிக்கையையே நிராகரிக்கும். அதுதான் சரி என்பேன். பாதி ஆர்டர் சேமிப்பதைவிட, சேமிக்க மறுப்பது பயனருக்குச் செய்யும் உதவி.

டிராப்டவுனிலும் இதே கதை. செயல்பாட்டில் உள்ள சப்ளையர்களை மட்டும் காட்டுவது நியாயமாகத்தான் படும். பழைய ஆர்டரைத் திறந்தால் அதன் சப்ளையர் பட்டியலில் இல்லை. பிரௌசர் முதலில் இருப்பவரைத் தேர்ந்து நிற்கும். சேமித்ததும் ஆர்டர் வேறொருவர் பெயருக்கு மாறிவிடும். செயல்பாட்டில் உள்ளவர்களோடு, அந்த ஆர்டரில் ஏற்கெனவே இருப்பவரையும் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும்.

கேட்காமல் வரும் தகவல் தனிப் பிரச்சினை. 2012இல் கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒருவர், பப்ளிக் கீ (கோடை மாற்ற வருபவரை அடையாளம் காட்டும் சாவி) சேர்க்கும் படிவத்தோடு அது யாருடையது என்று சொல்லும் புலத்தையும் சேர்த்து அனுப்பி, தன் கீயை ரெயில்ஸ் திட்டத்தின் கணக்கில் இணைத்துக்காட்டினார். அதேபோல் வேறு ஆர்டரின் வரி ஐடியையும் யாராவது சேர்த்து அனுப்பலாம். அதனால் வரியின் ஐடியை டேபிள் முழுக்கத் தேடாமல், அந்த ஆர்டரின் வரிகளுக்குள் மட்டும் தேடுகிறேன்.

இப்போதெல்லாம் எந்தப் படிவத்துக்கும் நான் எழுதும் முதல் டெஸ்ட் இதுதான்: நிறைய வரிகள் உள்ள பழைய ரெக்கார்டைத் திறந்து, எதையும் தொடாமல் சேமிக்க வேண்டும். திருத்திய நேரத்தைத் தவிர எந்த டேபிளிலும் எதுவும் மாறியிருக்கக் கூடாது. இதை நிஜமான பிரௌசர் வழியாகவே ஓட்டுகிறேன். டெஸ்டுக்கான தகவலைக் கையால் எழுதினால் எல்லாப் புலத்தையும் நாமே நிரப்பிவிடுகிறோம். எது வராமல் போகிறது என்பது அதில் தெரிவதே இல்லை.