எடுத்து வைத்துவிடு

அந்த அழைப்பு ஒன்றரை நிமிடம்கூட நீண்டிருக்காது. வெள்ளிக்கிழமை மாலை, மழை, வடசேரி பஸ் நிலையத்தில் மார்த்தாண்டம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். முந்திரி ஆலை முதலாளி பேசினார். "மக்களே, புதிதாக வந்த பையனுக்கு ஒரு மெயில் எடுத்துக் கொடு. வேலையை விட்டு நின்ற பெண்ணுடைய மெயிலை எடுத்துவிடு. இன்றைக்கே முடித்துவிடு." "சரி அண்ணாச்சி" என்றேன்.

என் காதில் விழுந்தது இதுதான். ஆனால் தாம் சொன்னது "எடுத்து வைத்துவிடு" என்று அவர் செவ்வாய்க்கிழமை சொன்னார். நடுவில் ஒரு 'வைத்து'. அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. உண்மையிலேயே அடித்ததா, அடித்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நானே பிறகு சேர்த்துக்கொண்டேனா என்பதுதான் இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கடைகளுக்கும் ஆலைகளுக்கும் மெயில் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். நம் மொழியில் 'எடு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தத் தொழில் செய்வது கஷ்டம். மெயில் எடுத்துக் கொடு என்றால் புதிதாக உருவாக்க வேண்டும். மெயிலை எடுத்துத் தா என்றால் இறக்கிக் கொடுக்க வேண்டும். எடுத்துவிடு என்றால் நீக்க வேண்டும். ஒரே மூச்சில் உருவாக்கச் சொன்னவர் அடுத்ததாக அழிக்கத்தானே சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தது தவறா? அவள் சண்டை போட்டுக்கொண்டு போனாள் என்பதும், மறுநாளே அவளுடைய நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான் என்பதும் எனக்குத் தெரியும். கோபத்தில் இருக்கும் முதலாளி வேறு என்ன சொல்லுவார்?

பஸ் வருவதற்குள் கைபேசியிலேயே, மெயில் கணக்குகளை நிர்வகிக்கும் சிபேனலைத் திறந்தேன். பையனுக்கு ஒரு கணக்கு, 2 ஜிபி. பிறகு அவளுடைய முகவரிக்கான அழிக்கும் பொத்தான். நிச்சயமாக அழிக்கவா என்று ஒரு முறை கேட்டது. அதே பக்கத்தில் உள்நுழைவதை மட்டும் நிறுத்திவைக்கவும் வசதி உண்டு. வரும் அஞ்சல், போகும் அஞ்சல் இரண்டையும் தனித்தனியாக நிறுத்திவைக்கலாம். மழைத்துளி விழுந்த திரையை விரலால் துடைத்துவிட்டு அழுத்தினேன். ஆறு வருட அஞ்சல் போக நான்கு விநாடிகூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் கேட்டது ஒரே ஒரு மெயில். போன வருடம் அனுப்பிய டபிள்யூ 320 தர முந்திரிச் சரக்கில் ஈரப்பதம் கூடுதல் என்று துபாய்க்காரர் பிரச்சினை செய்து, பிறகு விலையைக் குறைத்துப் பேசி முடித்த கடிதம். இப்போது அந்தக் கணக்கையே அவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். "எடுத்து வைத்தாயே, அதிலிருந்து அனுப்பு மக்களே" என்றார். காப்புப் பிரதி ஞாயிறுதோறும் ஒன்று, பழையதன்மேலேயே எழுதிவிடும். வட்டில் இடம் மிச்சமாகும் என்று அப்படி அமைத்ததும் நான்தான். வருடத்துக்கு அவர் தருகிற தொகைக்கு நான்கு வாரப் பிரதிகள் வைக்க முடியாது என்று அப்போது எனக்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போதும் அந்த நியாயம் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அழித்ததை ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

இதுவரை நடந்ததை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது இனிமேல்தான். வெளிநாட்டிலிருந்து அவளுக்கு எழுதிய கடிதங்கள் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பிப்போவதாக அவர் சொன்னதும், அன்றிரவே அதே பெயரில் கணக்கை மறுபடி உருவாக்கினேன். மறுநாள் ஆலைக்குப் போனேன். பையனுக்கு வேறு மடிக்கணினி கொடுத்திருந்ததால் அவளுடைய கணினியை யாரும் தொடவில்லை. மானிட்டரின் ஓரத்தில் சின்ன அந்தோணியார் படம், அதன் கீழே என் கையெழுத்தில் 993, 465 என்று மெயில் இணைப்புக்கான எண்களை நான் எப்போதோ எழுதிய துண்டுக் காகிதம். அவுட்லுக்கைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்கும் சிறு பெட்டி வந்தது. அதற்குப் பின்னால் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு வாங்குநருக்கும் ஒரு ஃபோல்டராக அவள் பிரித்து வைத்திருந்தாள். துபாய் என்ற ஃபோல்டரை என் கண்ணாலேயே பார்த்தேன். தப்பித்தோம் என்று ஒரு பெருமூச்சு விட்டேன்.

புதிய பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்து என்டரை அழுத்தினேன்.

சர்வரில் இருக்கும் அஞ்சலையே கணினியிலும் கைபேசியிலும் காட்டும் ஐமேப் முறை எப்படி வேலை செய்கிறது என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். சர்வர் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓர் அடையாள எண் வைத்திருக்கும். அழித்து மறுபடி உருவாக்கினால் பெயர் அதேதான், எண் வேறு. எண் மாறியதைக் கண்டதும் கணினி தன்னிடம் இருக்கும் பிரதியைச் செல்லாது என்று எறிந்துவிட்டு, சர்வரில் இருப்பதை மட்டும் காட்டும். சர்வரில் இருந்தது வெறும் பெட்டி. இடது பக்கத்து ஃபோல்டர்கள் மேலிருந்து ஒவ்வொன்றாகப் போயின. இணையக் கம்பியைப் பிடுங்கக் கை நீண்டது, நீள்வதற்குள் முடிந்துவிட்டது. முதலிலேயே கம்பியைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பாகத் தனியே சேமித்து எடுத்திருந்தால் பத்து நிமிட வேலை. அவர்கள் முன்பு, அஞ்சலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் வைத்திருந்தார்கள். அப்படியே விட்டிருந்தாலும் கணினியில் இருந்தது கணினியிலேயே இருந்திருக்கும். கைபேசியிலும் தெரியட்டும் என்று ஐமேப்புக்கு மாற்றிக் கொடுத்தது என் உபகாரம்.

ஆகவே, 'வைத்து' காதில் விழுந்ததா விழவில்லையா என்று நான் இத்தனை நாளாகக் குழம்புவதில் ஒரு தந்திரம் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. தவறு போன் பேச்சில் நடந்தது என்றால் பாதி அவருடையது. மேசைக்கு முன்னால் நடந்தது முழுக்க என்னுடையது.

அதற்குப் பிறகு யார் எடுக்கச் சொன்னாலும் அழிப்பதில்லை. பூட்டவா, அழிக்கவா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குகிறேன். பதில் எழுதாதவர்களின் கணக்கை அப்படியே விட்டுவிடுகிறேன். அப்படி விட்ட ஒரு கணக்கால்தான் இந்த வருடம் இன்னொரு வாடிக்கையாளருக்கு ஆபத்து வந்தது. எப்போதோ வேலையை விட்டுப் போனவர், பெயரும் 123-ம் சேர்ந்த பாஸ்வேர்டு. யாரோ கண்டுபிடித்து ராத்திரி முழுக்க அதிலிருந்து குப்பை மெயில் அனுப்ப, சர்வரின் இணைய முகவரியான ஐபி தடைப்பட்டியலில் ஏறி, ஒரு பாவமும் அறியாத மற்ற கடைகளின் அஞ்சலும் நின்றுபோயிற்று. அழித்திருந்தால் வந்திருக்காத வினை அது. எதைக் கற்றுக்கொண்டேன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

துபாய்க்காரரோடு எப்படியோ பேசி முடித்ததாகக் கேள்விப்பட்டேன். நஷ்டம் எவ்வளவு என்று கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் முதலாளியே என் கடைக்கு வந்தார். "உன்மேல் தப்பில்லை மக்களே. நான்தான் தெளிவாகச் சொல்லவில்லை" என்றார். கையில் அரைக் கிலோ முந்திரிப் பொட்டலம். அந்தக் கணினியைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடு" என்று மேசைமேல் வைத்துவிட்டு, மழை வருவதற்குள் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

பிள்ளைகள் அன்றிரவே பாதியைத் தீர்த்துவிட்டார்கள். நானும் தின்றேன்.