விருது வாங்கியவருக்கு வேலை போனது

2025-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் ஸ்பெயின் இயக்குநர் ஒலிவர் லாஷேயின் 'சிராத்' ஜூரி பரிசு வாங்கிய செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு பெரிய சினிமா பாரம்பரியம் உள்ள ஸ்பெயின், கானின் முதல் பரிசான தங்கப்பனையை எத்தனை தடவை வாங்கியிருக்கும்? அந்த நாட்டின் பிரபல இயக்குநர் அல்மதோவார் வாங்கியிருப்பார் என்று நினைத்தேன், இல்லை. கார்லோஸ் சௌரா? அவரும் இல்லை. மொத்தமே ஒரு தடவைதான், 1961-இல், அதுவும் ஒரு பிரெஞ்சுப் படத்துடன் பங்கு போட்டுக்கொண்டது. படம் லூயிஸ் புனுவலின் 'விரிதியானா'. கூத்து என்னவென்றால், மேடை ஏறி அந்த விருதை வாங்கிய ஸ்பெயின் அரசே சில நாட்களில் அந்தப் படத்தைத் தலைமுழுகிவிட்டது.

இதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது. 1953 கானில் ஸ்பெயின் இயக்குநர் பெர்லாங்காவின் 'வருக, மிஸ்டர் மார்ஷல்' போட்டியில் இருந்தது. அமெரிக்க உதவிப் பணம் வரப்போகிறது என்று ஒரு சின்ன ஊர் முழுக்க, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத தென் ஸ்பெயினின் ஆந்தலூசிய உடையை மாட்டிக்கொண்டு, சுவரெல்லாம் ஜோடித்துக் காத்திருக்கும். அமெரிக்கர்களின் கார்கள் நிற்காமல் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விடும். கடைசியில் மழைத் தண்ணீரில் ஒரு குட்டி அமெரிக்கக் கொடி அடித்துக்கொண்டு போகும். நடுவர் குழுவில் இருந்த ஹாலிவுட் நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சனுக்கு அந்தக் கொடியைப் பார்த்துக் கோபம் வந்துவிட்டது. படக்குழு விளம்பரத்துக்காகப் போலி டாலர் நோட்டு அடித்து விநியோகித்தது வேறு தனிப் பஞ்சாயத்து.

அப்போது ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோவின் அரசும் அந்த ஊர்க்காரர்கள் மாதிரிதான். வெளியாட்கள் பார்க்கிறார்கள் என்றால் நல்ல சட்டை போட்டுக்கொள்ளும். உள்ளே தணிக்கை, வெளியே திரைவிழா. நாடு கடந்து மெக்சிகோவில் குடியேறி, 1949-இல் அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்ட புனுவலைத் திரும்பி வந்து படம் எடுக்க விட்டதும் அந்தச் சட்டையில் ஒரு பொத்தான். பிராங்கோவை எதிர்த்த குடியரசு ஆதரவாளர்களான அவருடைய பழைய நண்பர்கள் "சர்வாதிகாரியின் நாட்டுக்கா போகிறாய்" என்று திட்டினார்கள். அவர் கேட்கவில்லை, போனார். மெக்சிகோவின் குஸ்தாவோ அலத்ரிஸ்தே பணம் போட, ஸ்பெயினில் யுனின்சி என்ற நிறுவனமும் தயாரிப்பாளர் பெரெ போர்த்தபெல்லாவும் சேர்ந்துகொண்டார்கள். அலத்ரிஸ்தேயின் மனைவி சில்வியா பினால் கதாநாயகி.

படத்தைப் போன வாரம் வீட்டில் போட்டேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள், சப்டைட்டில் படிக்கிற பொறுமை இல்லாமல், நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு. கன்னியாஸ்திரி ஆகப்போகும் விரிதியானா என்ற பெண் தன் மாமாவைப் பார்க்க வருகிறாள். செத்துப்போன மனைவியின் கல்யாண உடையை அவளுக்கு மாட்டிவிட்டு, மயக்கமருந்து கலந்து கொடுத்து, அப்புறம் குற்ற உணர்ச்சியில் அந்த மாமா தூக்குப் போட்டுக்கொள்கிறார். எதில் தெரியுமா, வேலைக்காரியின் மகள் விளையாடுகிற ஸ்கிப்பிங் கயிற்றில். மாமாவாக ஃபெர்னாண்டோ ரே. இவ்வளவு கேவலமான ஆளை இவ்வளவு பாவமாக வேறு யார் நடித்திருக்க முடியும் என்று தெரியவில்லை.

அப்புறம் அவள் ஊர்ப் பிச்சைக்காரர்களை எல்லாம் கூட்டி வந்து வீட்டில் வைத்துச் சோறு போடுகிறாள். ஒரு நாள் அவள் இல்லாதபோது அவர்கள் பங்களாவுக்குள் புகுந்து, குடித்து, மேசையைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்து "போட்டோ" எடுத்துக்கொள்கிறார்கள். அம்மா சட்டென்று நிமிர்ந்து, "எதிர்வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேல மாட்டியிருக்கிற படம் இது" என்றாள். அதேதான். இயேசுவின் கடைசி இரவு விருந்து. நடுவில் இயேசுவின் இடத்தில் ஒரு குருட்டுப் பிச்சைக்காரன். அந்தக் கூத்தில் ஹேண்டலின் 'அல்லேலூயா' பக்திப் பாட்டும் உண்டு.

இது எப்படித் தணிக்கையைத் தாண்டியது என்று கேட்டால், அதுதான் சுவாரசியம். தணிக்கைக்காரர்கள் கையில் இருந்தது திரைக்கதைத் தாள்கள். தாளில் அது "பிச்சைக்காரர்கள் சாப்பிடுகிறார்கள்" அளவுக்குத்தான் தெரியும். அவர்கள் கண்ணை உறுத்தியது முடிவு. முதலில் எழுதியிருந்தபடி விரிதியானா இரவில் மாமா மகன் ஹோர்ஹேயின் கதவைத் தட்டுவாள், உள்ளே போவாள், கதவு சாத்திக்கொள்ளும். கூடாது என்றார்கள். சரி என்று புனுவல் மாற்றினார்: அவள் உள்ளே வரும்போது அங்கே வேலைக்காரி ரமோனாவும் இருக்கிறாள், மூன்று பேரும் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார்கள். அவ்வளவுதான், யாரும் யாரையும் தொடவில்லை. ஆனால் இருவராக இருந்தது மூவராகிவிட்டது. தணிக்கையால் ஒரு காட்சி இன்னும் விவகாரமாக ஆனதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

படத்தின் கடைசி வேலைகள் பாரிஸில் நடந்தன. விழா முடியப்போகும் நேரத்தில்தான் கானில் திரையிட்டார்கள். தங்கப்பனை கிடைத்தது. ஸ்பெயினின் திரைப்படத் துறைத் தலைமை இயக்குநர் ஹோசே முன்யோஸ் ஃபோன்டான் மேடை ஏறி வாங்கிக்கொண்டார். பாவம், அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. வாடிகனின் நாளிதழ் இது தெய்வ நிந்தனை என்று எழுத, அவர் பதவி போனது. ஸ்பெயினில் படம் தடை, பத்திரிகைகள் அதன் பெயரைக்கூட எழுதக் கூடாது, யுனின்சியின் கதையும் அதோடு முடிந்தது. அலத்ரிஸ்தே தயவில் 'விரிதியானா' மெக்சிகோ படமாக உலகம் சுற்றியது. நெகட்டிவை காளைச் சண்டை வீரர்களின் வேனில், அவர்கள் துணிமணிக்கு அடியில் ஒளித்து எல்லை தாண்ட வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. எவ்வளவு நிஜமோ, எனக்கு நம்ப ஆசையாக இருக்கிறது.

பிராங்கோவே பிற்பாடு படத்தைப் பார்த்துவிட்டு இதில் அப்படி ஒன்றும் இல்லையே என்ற மாதிரி நினைத்ததாகக் கேள்விப்பட்டேன் என்று புனுவல் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆனாலும் தடை நீங்கவில்லை. 1975-இல் பிராங்கோ இறந்து, 1977-இல்தான் ஸ்பெயின் தியேட்டர்களில் படம் ஓடியது.

நான் இத்தனையையும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு கானும் வேண்டாம், வாடிகனும் வேண்டாம். படத்தில் ஒரு காட்சி: வண்டிக்கு அடியில் கட்டப்பட்டு மூச்சிரைக்க ஓடிவரும் ஒரு நாயைப் பார்த்து ஹோர்ஹே இரக்கப்பட்டு, காசு கொடுத்து அவிழ்த்து வாங்கிக்கொள்வான். அவன் திரும்பியதும் எதிர்ப்பக்கமாக இன்னொரு வண்டி போகும், அதன் அடியிலும் ஒரு நாய். அவன் பார்க்க மாட்டான். மறுநாள் காலை காபி கொடுக்கும்போது அம்மா கேட்டாள், "அந்த ரெண்டாவது நாயை யாருமே வாங்கலையா?"