"நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதிலோடு மூன்று வருடம்

வருமானமும் வேலையும் ஒருவருடைய உடம்பில் என்ன செய்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. லண்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு என்னை இதற்குள் இழுத்தது. சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்கள். எல்லோருக்கும் மாதச் சம்பளம் உண்டு, யாரும் பட்டினி இல்லை. அப்படியும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயரதிகாரிகளுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்தும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்கின.

நானும் வினாத்தாளோடு கிளம்பினேன். முதல் கேள்வி, உலகம் முழுக்கக் கேட்கப்படுவது: "உங்கள் உடல்நலம் பொதுவாக எப்படி இருக்கிறது?" முன்னோட்டமாக முப்பது பேரைப் பார்த்தேன். குறைந்த கூலிக்கு உழைப்பவர்கள்தான் "நல்லா இருக்கேன்" என்று அதிகம் சொன்னார்கள். பல நாள் அந்த அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுமை தூக்கும் ஓர் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். பேசி முடித்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். மூட்டு வலியா என்று கேட்டேன். "ஆமா. அதெல்லாம் நோயாப்பா? வேலை செய்யிற எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்றார்.

என் வழிகாட்டி ஒரு சிறு கட்டுரையைக் கொடுத்தார்; பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் 2002-இல் எழுதியது. ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில்தான் தமக்கு நோய் இருப்பதாகச் சொல்பவர்களும் அதிகம்; பீகாரில் மிகக் குறைவு. பள்ளிக்கூடமும் மருத்துவரும் எட்டாத இடத்தில், சரிசெய்யக்கூடிய வலியைக்கூட மனிதர்கள் வாழ்க்கையின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

சரி, பழைய கேள்வியை வைத்துக்கொண்டே புதியவற்றையும் சேர்த்தேன். நிற்காமல் ஒரு மாடி ஏற முடியுமா? உடம்பு முடியாமல் கடந்த மாதம் எத்தனை நாள் வேலை போயிற்று? கடைசியாக யார், எப்போது ரத்த அழுத்தம் பார்த்தார்கள்? நானே ஒரு கருவியை எடுத்துப்போய் அளப்பதாகவும் திட்டம்.

அளப்பது என்றதும், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் மறுபடியும் போகவேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "அழுத்தம் அதிகமாக இருந்தால் அவருக்கு என்ன செய்வீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. இரண்டு மாதம் போயிற்று. அப்போது கோபம் வந்தது உண்மை. இப்போது யோசித்தால், மொத்த ஆய்விலும் என்னிடம் கேட்கப்பட்ட மிக நியாயமான கேள்வி அதுதான். அளவை எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து, அதன் பொருளை நிதானமாகச் சொல்லி, இலவசமாகப் பார்க்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, அப்புறம்தான் களத்துக்குப் போனேன்.

இருபது நிமிட நேர்காணல் ஒரு மணி நேரம் ஆயிற்று. தமக்கு ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டவர்கள் பலர். சிலர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வேலைக்குப் போகாம ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார்கள். அதற்கு நான் செய்துவைத்திருந்த ஏற்பாடு போதவில்லை. அதையும் ஆய்வேட்டில் எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில், தவறான பதில் தருகிற பழைய கேள்வியை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நீக்கியிருந்தால் அளவு மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்றேன். சொன்னதற்கும் அளந்ததற்கும் நடுவே உள்ள தூரம் யாருக்கு எவ்வளவு என்பதுதான் என் நான்காவது அத்தியாயம்.