வயலில் மருந்து ஏறிவிட்டால்: சித்தப்பாவுக்கு நாங்கள் செய்தது

பெரம்பலூர் பக்கம் எங்கள் சித்தப்பா பருத்திக்கு புரோபெனோபாஸ் என்ற பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார். டேங்க் மூடியோரம் கசிந்து முதுகு முழுக்க நனைந்துவிட்டது. நான் போனபோது வரப்பில் சாய்ந்து கிடந்தார். வாயில் எச்சில் ஒழுகியது, உடம்பெல்லாம் வேர்வை, கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

108க்குப் போன் போட்டுவிட்டு, கைகளில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு அவரை மோட்டார் கொட்டகைக்குத் தூக்கிப்போனோம். சட்டை, லுங்கியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு தலைமுடி, காதுமடல், நகக்கண் வரை தண்ணீர் விட்டுக் கழுவினோம். பக்கத்துக் காட்டுக்காரர் புளி கரைத்து வந்து, "வாந்தி எடுக்க வைங்கப்பா" என்றார். அக்கறையில் சொன்னதுதான், ஆனாலும் தடுத்துவிட்டேன். மயங்குகிற ஆளுக்கு வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். தோல் வழியே ஏறிய விஷம் வாந்தியில் வரவும் வராது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தோம்.

மருந்து பாட்டிலையும் பையில் கட்டி எடுத்துப்போனோம். லேபிளில் விஷத்தின் கடுமையைக் காட்டும் மஞ்சள் முக்கோணத்தையும் பெயரையும் பார்த்ததுமே டாக்டர் விஷமுறிவு மருந்தான அட்ரோபினை ஏற்ற ஆரம்பித்தார். அப்புறம் நர்ஸ் அக்கா செய்ததைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: கத்தரிக்கோலை எடுத்து அரைஞாண் கயிற்றை வெட்டினார். நூல் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவினாலும் முழுசாகப் போகாது. வெட்டும்போதே பூண்டு நாற்றம் வீசியது.

அட்ரோபின் ஏற ஏற நெஞ்சுக் கரகரப்பு அடங்கியது. ராத்திரி புலம்பல் தொடங்கியது. போர்வையைப் பிய்த்தார், இல்லாத மாட்டை ஓட்டினார். சித்தி அழுதே விட்டார். அது அட்ரோபினின் வேலை, அளவைக் குறைத்தால் சரியாகும் என்றார்கள். அப்படியே தெளிந்தது.

தெளிந்ததும் வீட்டுக்குப் போகணும் என்று நச்சரித்தார். விடவில்லை. இந்த வகை விஷத்தில் 1 முதல் 4 நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகலாம். அதனால்தான் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லி அடிக்கடி பார்த்தார்கள்.

ரத்தத்தில் இந்த விஷம் முடக்கிவிடும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவு பழையபடி ஏறும்வரை மருந்து அடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நனைந்த துணிகளைத் துவைக்காமல் அப்புறப்படுத்தினோம், டேங்க் மூடிக்குப் புது வாஷர் போட்டோம். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. அதை மருந்து வைக்கும் அறைக் கதவில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறோம்.