ஆகத்தம்மாளின் ஊரில்

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று ராத்திரியே அம்மா, மார்பக நோயாளிகளின் பாதுகாவலியான புனித ஆகத்தம்மாளுக்கு நேர்ந்துகொண்டாள். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து அக்கா தெம்பாக நடமாடத் தொடங்கியதும், அந்தப் பொருத்தனையைச் செலுத்த நாங்கள் இரண்டு பேரும் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள கத்தானியாவுக்குப் போனோம். கி.பி. 251-இல் ஆகத்தம்மாள் விசுவாசத்துக்காக மறைசாட்சியாக உயிர்விட்ட ஊர் அது.

பிப்ரவரி 3 முதல் 5 வரை திருவிழா. 4-ஆம் தேதி விடியற்காலைத் திருப்பலிக்குப் பேராலயத்தில் நிற்க இடமில்லை. அம்மாளின் திருப்பண்டங்கள், அதாவது அவளுடைய உடலின் எச்சங்கள் வைத்த சுரூபம் வெளியே வந்ததும், வெள்ளை அங்கியும் கறுப்புத் தொப்பியும் அணிந்த பக்தர்கள் வெள்ளைக் கைக்குட்டைகளை ஆட்டிக்கொண்டு "சித்தாதினி, விவா சாந்தாகத்தா!" என்று முழங்கினார்கள். 'ஊராரே, ஆகத்தம்மாள் வாழ்க!' என்று அர்த்தம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்புறம் வெள்ளித் தேர். நம் ஊர்த் தேர் போலவே இரண்டு நீளமான வடம் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். ஆளுயர மெழுகுவர்த்தியைத் தோளில் சுமந்து வருகிறவர்களும் உண்டு. தெருவெல்லாம் மெழுகு சொட்டி வழுக்குவதால் மரத்தூள் தூவி வைத்திருந்தார்கள்.

பசி எடுத்ததும் ஒரு பலகாரக் கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. வெள்ளை வெளேரென்று உருண்டையாக, உச்சியில் ஒரு சிவப்புச் செர்ரி. 'மின்னே தி சாந்தாகத்தா', அதாவது ஆகத்தம்மாளின் மார்பகங்கள். ரோம ஆளுநன் குவிந்தியானுஸ் அம்மாளைச் சித்திரவதை செய்து அறுக்கச் சொன்னதும், அன்றிரவு சிறையில் புனித பேதுரு காட்சி தந்து குணமாக்கியதாகச் சொல்வதும் அந்த மார்பகங்களைத்தான். அக்காவை எப்படி வெளியே கூட்டிப் போவது என்று நான் யோசிப்பதற்குள், "ரெண்டு வாங்கு. ஜோடியாத்தான் வாங்கணும்" என்றாள்.

உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான். கரண்டி பட்டதும் சர்க்கரைப் பூச்சு மெல்ல விரிசல் விட்டது. உள்ளே மதுவில் நனைந்த ஸ்பான்ஜ் கேக், செம்மறியாட்டுப்பாலில் செய்த ரிக்கோட்டா என்ற மிருதுவான பாலாடைக்கட்டி, நடுநடுவே சாக்லேட் துணுக்குகள், பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல். அக்கா அவசரமே படாமல் சாப்பிட்டாள். "நான் துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கிட்டிருக்கேன். இவங்க இதைப் பண்டிகைப் பலகாரமாக்கி எல்லாருக்கும் பகிர்ந்து கொடுக்கிறாங்க பாரு." அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

அங்கிருந்து நேரே சிறைக்கோயிலுக்குப் போனோம். அம்மாளை அடைத்து வைத்ததாகச் சொல்லும் இடத்தின் முன்னால் அக்கா வெகுநேரம் முழந்தாளிட்டிருந்தாள். நான் பின்னால் நின்று ஜெபமாலை சொன்னேன்.

ரிக்கோட்டா ஊர் வரைக்கும் தாங்காது. அதனால் அம்மாவுக்கு 'ஒலிவெத்தே' வாங்கினோம். பச்சை நிறத்தில் சர்க்கரை தூவிய பாதாம் உருண்டைகள். வீரர்களுக்குத் தப்பி ஓடும்போது ஆகத்தம்மாள் செருப்பு வாரைக் கட்டக் குனிந்தாளாம். அந்த இடத்தில் ஓர் ஒலிவ மரம் முளைத்து அவளை மறைத்ததாம். அதன் நினைவாகச் செய்வது.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை நீட்டினோம். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் உருண்டையை அக்கா வாயில் வைத்தாள்.