அப்பா இருக்கையின் பக்கமூடி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் காரை நிழலில் நிறுத்த வழியே இல்லை. பதினோரு கோடை வெயிலைக் குடித்த பிளாஸ்டிக் எப்படி இருக்கும்? அப்பா இறங்கும்போது கால் பட்டதுமே ஓட்டுநர் இருக்கையின் பக்கமூடி கழன்று தொங்கியது. இருக்கையைச் சாய்க்கும் நெம்புகோலைச் சுற்றியிருக்கும் கறுப்புத் துண்டு அது.

"பசை வைத்து ஒட்டிவிடு, கண்ணு" என்றார். ஒட்டினேன். மறுநாளே கையோடு வந்துவிட்டது. மூடியின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. 'பிபி' என்று பொறித்திருந்தார்கள், அதாவது பாலிபுரோப்பிலீன். சாதாரணப் பசை எதுவும் அதைப் பிடிக்காது. முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

மூடியை இருக்கையோடு பிடித்திருந்து உடைந்துபோன கிளிப்பைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போனேன். நான்காவது கடையில் அதே அளவு கிடைத்தது, மூன்றாக வாங்கினேன்.

மாட்டும்போது அவசரம் கூடவே கூடாது. பழைய கிளிப்பின் துணுக்கு துளைக்குள் சிக்கியிருந்தால் புதியது உள்ளே இறங்காது. ஊசிமூக்குக் குறடால் அதைப் பொறுமையாக எடுத்தேன். புதிய கிளிப்புகளைச் சற்றுநேரம் வெந்நீரில் போட்டதும் இளகின. மூன்றும் துளைக்கு நேராக நிற்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே உள்ளங்கையால் அழுத்தினேன். டக், டக், டக். இருக்கைக்கடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பு இருந்தால் அதைத் தொடாதீர்கள், அது காற்றுப்பை (ஏர்பேக்) அமைப்புக்கு உரியது.

மாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையில் போனோம். தொங்கிய மூடி எழுப்பிய கடகட ஓசை இப்போது இல்லை. அப்பா நெம்புகோலை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.